முகூர்த்தப் பக்கத்துப் பொம்பள

– யாரு ஒடம்புல உன் மூஞ்ச ஒட்டுன? அந்த ஒண்ணு மட்டும் சொல்லு கல்பனா.

– மொதல்ல குந்து சுகுமாரு. மாடிப்படி ஏறி வந்ததுல உனக்கு மூச்சு எறைக்குது. தண்ணி குடி.

– தண்ணியும் வாணா, ஒண்ணும் வாணா. தோ பாரு, ஆல்பத்தத் தொறந்து வெச்சிக்கீறேன். கீர்த்தி கல்யாணம். முகூர்த்தப் பக்கம். மாப்ள தாலி கட்றான், பொண்ணு தல குனிஞ்சிக்கினு கீது. அதுக்குப் பின்னால பட்டுப்பொடவ கட்டிக்கினு, தலையில பூ, நெத்தியில பொட்டு, கையில அட்சத. யாரு இது?

– தெரியுதே. நான்தான்.

– இன்னா, கொஞ்சங்கூட கூசாம சொல்ற!

– என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆல்பம் குடுத்து ஒரு வருசம் ஆவப்போவுது. இன்னிக்கித்தான் உன் கண்ணுல பட்டுதா?

– என் கண்ணுல எங்க பட்டுது? அவங்க கண்ணுல பட்டுது. பொண்ணுக்கு வர ஞாயித்துக்கெயம சீமந்தம். அந்த பேச்சுக்காக சம்பந்திங்க ரெண்டு பக்கமும் ஒண்ணா குந்திக்கினு ஆல்பத்தப் பெரட்டிக்கீறாங்க. மாப்ளயோட அத்த ராணியம்மா கேட்டுதாம், ‘இது யாரு, உங்க திருப்புலிவனத்து ஆளா?’ன்னு. பொண்ணு வூட்டுக்காரங்க, ‘இல்லியே, உங்க வாலாஜாபாத்து சொந்தம்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு கீறோம்’னு சொல்லிக்கீறாங்க.

– அப்படின்னா ஒரு வருசமா ரெண்டு வூட்டுக்கும் நான் சொந்தக்காரி.

– சிரிக்காத. ராணியம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்.

– சிரிக்காம இன்னா பண்றது? பொறந்த வூட்டுல ஒருத்தரும் என்ன சொந்தம்னு சொல்லிக்கல. யாரோ எவரோ, நம்ம ஆளுதான்னு நெனச்சிக்கினு பக்கத்தத் திருப்பிக்கீறாங்க. மெய்யாலுமே எனக்கு சந்தோசமாத்தான் கீது.

– நல்லாக்கீது உன் சந்தோசம். இத்தன வருசமா நான் படம் எடுத்தாறேன், நீ ஆல்பம் போட்டுக் குடுக்கற. ஒரு பேச்சு வந்திருக்குமா நம்ம வேலையில? செத்துப்போன அப்பனக் கொண்டாந்து பொண்ணு பக்கத்துல நிக்க வெக்கற, துபாய்ல கீற அண்ணன மேடையில ஏத்தி வுடற. சரி, அதெல்லாம் அவங்க கேட்டு பண்றது. இத்த யாரு கேட்டாங்க?

– யாரும் கேக்கல.

– வேல சுத்தமா கீது, அதான் எனக்கு இன்னும் கடுப்பு. வெளிச்சம் ஒரே பக்கத்துலேர்ந்து வருது. மூக்கு நெயலு கூட கரெக்டா விழுது. நானும் உத்து உத்துப் பாத்துட்டேன், ஒட்டுன எடம் தெரியல. நீ பண்ணதுலயே இதான் நல்ல வேல, போ.

– நல்லாவா கீறேன் அதுல?

– யாரு ஒடம்போ. நல்லாத்தான் கீது.

– ம்.

– உன் வூட்டுக்காரரு போனதுலேர்ந்து உன்ன நான் பூ வெச்சி பாத்ததே இல்ல. எப்ப வந்தாலும் இதே வாயில் பொடவ, இதே இருட்டு ரூமு, அந்த சிஸ்டம் வெளிச்சம் மூஞ்சில. திடீர்னு பட்டு கட்டிக்கினு முகூர்த்தத்துல நின்னா நான் இன்னான்னு நெனக்கறது?

– நீ இன்னா நெனச்ச?

– பயந்துட்டேன். நீ தாலியறுத்தவன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிதுன்னு வெச்சிக்கோ. பொண்ணு வயித்துப்புள்ளக்காரி. நாளைக்கி அதுக்கு லேசா தல சுத்துனாக்கூட உன் தலையிலதான் வந்து விடியும்... தப்பா சொல்லிட்டேன். கோச்சிக்காத.

– இதுல கோச்சிக்க இன்னா கீது? ஊரு பேசறத நீ பேசுன. ஆனா ஒண்ணு சுகுமாரு. பிரிண்டு போடறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் உன் ஃபோனுக்கு அனுப்புனேன். நீதான ஓகே சொன்ன?

– நான் தொறந்தே பாக்கல. கட்டவெரல் மட்டும் போட்டு அனுப்பிட்டேன்.

– அதான பாத்தேன். குருடனுக்குக் குருடன் கோலு புட்ச கத.

– அதனாலதான் ஒரு முடிவு எடுத்துட்டேன். இந்த டிஜிட்டலே வாணா. இனிமே ஃபிலிம்தான்.

– இன்னா?

– ஃபிலிம். ரோலு போட்டு எடுக்கறது. மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கினு கீது. பொண்ணு பேரு பூஜா, நம்ம ஏனாத்தூர்ல படிச்ச பொண்ணுதான். கடலோரமா கல்யாணம். மொத்தமும் ஃபிலிம்லதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. இப்ப அதான் ஃபேஷனாம். இது ஒண்ணு நல்லா அமைஞ்சா, இது வயியா இன்னும் நாலு வரும். ராத்திரிக்குள்ள முடிவு சொல்லணும்.

– அதுக்கு? அது ஒண்ணு ஃபிலிம்ல எடு, மிச்சத்த எப்பவும் போல எடு.

– இல்ல. ரெண்டு குதிர மேல குந்த முடியாது. செய்யாத்துலேர்ந்து ஒருத்தன் வரான், என் டிஜிட்டல் கேமராவ லென்ஸோட எடுத்துக்கறான். சாயங்கால பஸ்ஸுல ஏறிட்டேன்னு இப்பதான் ஃபோன் பண்ணான்.

– ஓ. அப்ப கட மூடறதுன்னு முடிவு பண்ணிட்டுதான் சண்டைக்கு வந்துகீற.

– கட எனுதா உனுதா?

– ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது என் தப்புதான். சரி, தொயிலா பேசலாம். ரோலுக்கு முப்பத்தாறு படம். அய்யரு தாலிய எடுத்துக் குடுக்கறாரு, மேளக்காரன் கொட்டறான், அப்பப் பாத்து ரோலு தீந்து போவுது. இன்னா பண்ணுவ? ‘மாப்ள, முடிச்ச அவுத்துட்டு திரும்பக் கட்டு, ரோலு மாத்திக்கினு வரேன்’னு சொல்லுவியா?

– ரெண்டு கேமரா மாட்டிக்குவேன்.

– மண்டபத்து லைட்டு ஒரு மாதிரி, ஓமப் பொகையில ஒரு மாதிரி. எடுத்தது வியுந்துதா இல்லியான்னு பாக்க பின்னால ஸ்க்ரீன் கெடையாது. கழுவி வர வரிக்கும் நெஞ்சு திக்குதிக்குன்னு கெடக்கும். பாதி படம் இருட்டிப் போச்சின்னா, பொண்ணோட அப்பன் உன்ன சட்டையப் புட்சிக் கேப்பான்.

– கேக்கட்டும்.

– வெடிகாலைல தாலி கட்னா, மத்தியானத்துக்குள்ள ஃபோன்ல படம் வரணும் நம்ம ஜனத்துக்கு. ஸ்டேட்டஸ் வெக்காத கல்யாணம் ஒரு கல்யாணமா? இவங்க எந்தக் காலத்துல ரோலு கழுவி வர்றதுக்குக் காத்துக்கினு இருப்பாங்க? எங்க கழுவுவ?

– மெட்ராஸ்லதான். கொரியர்ல போட்டா லேபுலயே கழுவி, ஸ்கேன் பண்ணி, ஆல்பமும் போட்டு அனுப்பிடுவான்.

– ஆல்பமும்.

– ஆமா.

– அப்ப இங்க இன்னாத்துக்கு வருவ?

– அந்தத் தண்ணியக் குடு.

– இந்தா. சொல்லேன். கேட்டுக்கறேன்.

– தோ பாரு கல்பனா, உன் மேல கோவத்துல சொல்லல. எனக்கும் பேஜாரா கீது. டிஜிட்டல்ல நான் பாக்கறதே இல்ல. வெரலு அதும்பாட்டுக்கு அமுக்கிக்கினு போவுது. ஆயிரம் ஆயிரமா எடுத்துக் குவிச்சி, கார்டப் புடுங்கி உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். யாரு அயுதா, யாரு மொறச்சிக்கினு நின்னா, எந்தக் கொயந்த தூங்கிப் போச்சி, எல்லாம் அப்பால நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது. வருசம் பூரா கல்யாண வூட்டுல நிக்கறேன். ஒரு கல்யாணத்துல கூட நான் இருந்தா மாதிரியே இல்ல.

– உனக்கே அப்படியா?

– பின்ன? வா, போ, சாப்ட்டியான்னு கேக்க அங்க எனக்கு யாரு கீறாங்க? கடைசி பந்தியில வீடியோக்காரனோட குந்தி ரெண்டு வாய் துன்னுட்டு, மானாம்பதிக்குப் போயி பூட்ன வூட்டத் தொறக்கணும். அம்மா இருந்த வரிக்கும் எனக்குப் பொண்ணு தேடுச்சி. அதுவும் போயி சேந்துடுச்சி. ரோலுன்னா ஒவ்வொரு படத்துக்கும் நின்னு பாக்கணும் இல்ல? அந்த ஆளு மூஞ்சிய முயுசா பாத்துட்டுதான் அமுக்கணும். அப்பவாவது எதுனா ஒண்ணு எனக்கே எனக்குன்னு தெரியாதான்னு ஒரு ஆச.

– நீ பாக்காம வுட்டதெல்லாம் நான்தான பாத்தேன்.

– தெரியும்.

– தெரியாது உனக்கு. நீ கண்ண மூடிக்கினு எடுத்த படம், ஆடிப்போன படம், தல வெட்டுன படம், அத்தினியும் நான் பாத்துக்கீறேன். இந்தத் தாலுக்காவுல எனக்குத் தெரியாத மூஞ்சி கெடையாது. யாரு வூட்டுல எந்த மாமன் கோச்சிக்கினு போனான், எந்த நாத்தனா கம்மல மாத்திக்கினா, எல்லாம் தெரியும். பஸ்ஸுல போறப்ப அவங்கள்லாம் ஏறுவாங்க. என்னையும் அறியாம சிரிச்சிடுவேன். அவங்க பின்னால திரும்பிப் பாப்பாங்க, வேற யாரப் பாத்தோ சிரிக்கறேன்னு.

– இத்த நீ சொன்னதே இல்லியே.

– நீ கேட்டதே இல்லியே. கார்டு குடுப்ப, டீ குடிப்ப, ‘சீக்கிரம் முடிச்சிடு’ம்ப. அந்த டீ குடிக்கற நேரந்தான் இந்த ரூமுல ரெண்டு கொரலு கேக்கும். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது சுகுமாரு. ஃபிலிமு நல்லதா டிஜிட்டலு நல்லதான்னு என்னக் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஃபிலிமுன்னா நீ வர மாட்ட. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.

– அதுக்குன்னு அடுத்தவங்க கல்யாணத்துல உன்ன ஒட்டிக்குவியா?

– என் தம்பி கல்யாணத்துக்குப் போனேன். சொந்தத் தம்பி, நான் இடுப்புல தூக்கி வளத்தவன். முகூர்த்த நேரத்துல எங்க அம்மாவே வந்து, ‘நீ சமையக்கட்டுல குந்தி வெத்தல மடிச்சிக்கினு இரும்மா’ன்னு சொல்லிச்சி. மடிச்சேன். கெட்டிமேளம் சத்தம் மட்டும் கேட்டுது. அந்த ஆல்பத்தையும் நான்தான் போட்டேன். மொத்த ஆல்பத்துல நான் ஒரு எடத்துல கூட இல்ல. அதுலேர்ந்து எவ்ளோ தாலி கட்றதப் பாத்துட்டேன் இந்த சிஸ்டத்துல. அவ்ளோ கிட்டத்துல எந்த சுமங்கலியும் பாத்திருக்க மாட்டா. மாப்ள கை நடுங்கறது கூடத் தெரியும். ஆனா சத்தமே கெடையாது. படத்துல மேளம் கேக்காது இல்ல? கீர்த்தி கல்யாணம் தோ, இந்தப் பஜார் தெரு மண்டபத்துலதான் நடந்துது. காலையிலயே மேளம் ஜன்னல் வயியா வந்துச்சி. அன்னிக்கி எனக்கு ஒரு வேலையும் ஓடல.

– அந்த ஏக்கத்துல பண்ணிட்ட.

– அப்படியே வெச்சிக்கோ.

– சரி வுடு. அயுவாத. இரு, ஃபோன் அடிக்குது. ராணியம்மாதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீ வாயத் தொறக்காத. அலோ, சொல்லுங்கம்மா.

– ஃபோட்டோக்காரத் தம்பி, நான்தாம்பா, தினேஷோட அத்த பேசறேன். அந்தப் பொம்பள யாருன்னு விசாரிச்சியா?

– விசாரிச்சேம்மா. அது வந்து, கம்ப்யூட்டர் மிஸ்டேக்கு. வேற கல்யாணத்துப் படம் ஒண்ணு உங்களுதுல ஏறிடுச்சி.

– இது இன்னாப்பா அதிசயம்? பந்தியில எல மாறும், கேள்விப்பட்டுக்கீறேன். மேடையில ஆளு மாறுமா?

– தப்புதாம்மா. இந்த டிஜிட்டல்ல இப்படி ஒரு ரோதன கீது.

– எனக்கு ஒண்ணும் இல்லப்பா. பாத்தா லட்சணமாத்தான் கீறா. ஆனா ஊரு பேரு தெரியாதவ தாலி கட்ற நேரத்துல பின்னால நிக்கலாமா? எங்க ஓரகத்தி சொல்லுது, அவ கண்ணுல தண்ணி வெச்சிக்கினு நிக்கறாளாம். நல்லது நடக்கற எடத்துல எவளாவது அயுவாளா? புள்ளத்தாச்சி பொண்ணு தெனம் எடுத்துப் பாக்கற ஆல்பம்பா. சீமந்தத்துக்குள்ள அந்தப் பக்கத்த மாத்திக் குடுத்துடு.

– குடுத்துடறேம்மா.

– அவ நின்ன எடத்துல வேற எவளயாவது கொண்டாந்து நிறுத்தி வெக்காத. இருந்தது இருந்தா மாதிரி இருக்கட்டும்.

– சரிம்மா. வெச்சிடறேன்... கேட்ட இல்ல கல்பனா? கண்ணுல தண்ணின்னு சொல்லுது. நான் கண்ணக் கவனிக்கலியே.

– பொகையா இருக்கும்.

– இன்னாவோ. சீக்கிரம் ஆவட்டும், செய்யாத்துக்காரன் வந்துடுவான். ஒரிஜினல் படத்தத் தொற.

– ஒரிஜினல் எதுக்கு? இதுலயே என்ன அயிச்சிடறேன். பின்னால சொவரும் தோரணமும்தான் கீது, நெரவிடலாம்.

– அயிச்சா தெரியும். ஒரு வாட்டி மாட்டிக்கினது போதாதா? நீ ஒட்டறதுக்கு முன்னாடி அங்க எந்தப் பொம்பள நின்னாளோ, அவ அவங்க சொந்தக்காரிதான? அவ மூஞ்சியோடவே இருக்கட்டும். இருந்தது இருந்தா மாதிரின்னு அந்தம்மாவே சொல்லிடுச்சி.

– ஒரிஜினல் இல்ல. அந்த டிஸ்க்கு போயிடுச்சி.

– உன்னுது போனா இன்னா? என் காப்பி பையிலதான் கீது. கேமராவக் குடுக்கறமேன்னு எல்லா டிஸ்க்கையும் எடுத்துக்கினு வந்தேன். தோ. ஒயர நவுத்து.

– வாணா சுகுமாரு.

– இன்னா வாணா?

– அதுல போடாத. ஒரு நிமிசத்துல அயிச்சிக் குடுக்கறேன், ஒரு மாசு தெரியாது. என் வேல உனக்குத் தெரியும் இல்ல?

– இன்னாத்துக்கு இப்படிக் குறுக்க வந்து நிக்கற? ஒட்டுனத ஒத்துக்கினு ஆச்சி. இதுக்கு மேல மறைக்க இன்னா கீது?

– நீ ஃபிலிமே எடுத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. கேமராவ வித்துடு, இங்க வராத, லேபுலயே ஆல்பம் போட்டுக்கோ. அத்த மட்டும் தொறக்காத. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்.

– அட, கைய எடு. உனக்கு ஒரு கெட்ட பேரும் வர வுட மாட்டேன், போதுமா? ஃபிலிமா இருந்திருந்தா இந்தப் பேஜாரே வந்திருக்காது, அத்தத்தான் சொல்றேன். நெகட்டிவ்ல யாரு இருந்தாங்களோ அவங்கதான் இருப்பாங்க. எவனும் எவளும் நடுவுல பூந்துட முடியாது. இது பொண்ணழைப்பு... இது மால மாத்தறது... இது... தோ வந்துடுச்சி. இதான் அந்த ஃப்ரேமு. கல்பனா!

– ம்.

– இது கேமராலேர்ந்து நேரா எறக்குனது. நீ இன்னும் கை வெக்கவே இல்ல.

– ஆமா.

– இதுலயும் நீ கீறியே!

– தாலிய எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி நீ திரும்பி, என் மூஞ்ச நேருக்கு நேரா பாத்து, ‘யக்கா, பொண்ணு மறையுது, கொஞ்சம் பின்னால போ’ன்னு சொன்ன சுகுமாரு, நான் பின்னால போயி நின்னுக்கினேன்.